வெந்நீர் வீட்டுப் பதிவுப் புத்தகம்

முருகன் துணை

ஸ்டேஷன் வீதி,
அட்டன்.
21.4.1965, புதன்கிழமை

மதிப்பிற்குரிய என் வீட்டுக்காரர் அவர்களுக்கு நாகலெட்சுமி வணங்கி எழுதிக்கொண்டது.

நலம் என்றுதான் தொடங்க வேண்டும். பாதி நலம். முழங்கால் வலி பழையபடி இருக்கிறது. மழை வந்தால் கூடுகிறது, மழை விட்டால் குறைகிறது, அட்டனில் மழை எங்கே விடுகிறது. மற்றபடி சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அங்கே உங்கள் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவையும் நீங்கள் எழுதவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதுவது என்பது உங்களுக்கு என்றைக்குமே இல்லாத பழக்கம்.

உங்கள் பங்குனி இருபதாம் தேதிக் கடிதம் கிடைத்தது. துறையூரில் வீடு பார்த்துவிட்டதாகவும், இரண்டு அறை, பின்னால் கிணறு, கிணற்றடியில் வேப்பமரம் என்றும் எழுதியிருந்தீர்கள். கண்டிக்குப் போய் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாயா என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஒரு தடவை கேட்டாலே எனக்குக் கேட்கும். இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ நான் இதுவரை சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து வருஷமாகச் சொல்லாதது. அதைக் கேட்ட பிறகும் நீங்கள் வா என்று சொன்னால் அப்புறம் கண்டியைப் பற்றிப் பேசலாம். இந்தக் கடிதம் முடிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். கை வருகிற வரைக்கும் மற்ற விஷயங்களை எழுதுகிறேன்.

ரத்னாவுக்கு இது ஆறாம் மாதம். டிக்கோயா ஆஸ்பத்திரியில் காட்டினோம். பிள்ளை நன்றாக இருக்கிறதாம், தாய்க்குத்தான் இரத்தம் குறைவாம். ஆடியில் பிறக்கும் என்றார்கள். கீரையும் ஈரலும் தின்னச் சொன்னால் உங்கள் மகள் புளி மாங்காய் தின்கிறாள். மருமகன் வைரவன் தங்கமான பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து அவரே தண்ணீர் எடுத்து ஊற்றுகிறார். "எங்க வீட்ல ஒரு கட்டில் போட இடமா இல்ல, நீங்க எதுக்கு அத்தை அங்கிட்டு போகணும்" என்கிறார். அவருக்குச் சொல்வது சுலபம், அவருடைய அப்பா காலத்திலேயே பிரஜாவுரிமை கிடைத்துவிட்ட குடும்பம். ரத்னாவின் வழி வேறு. நான் அங்கே போய்விட்டுத் திரும்பக் கிளம்பும்போதெல்லாம் என் கைப்பையை எடுத்து எங்காவது ஒளித்து வைக்கிறாள். போன வாரம் அரிசிப் பானைக்குள் இருந்தது. இருபத்துமூன்று வயதுப் பெண் செய்கிற காரியமா இது என்று திட்டினேன். திட்டிவிட்டு அன்றைக்கு அங்கேயே தங்கிவிட்டேன்.

இந்தியாவும் இலங்கையும் நம் ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் வந்ததிலிருந்து தோட்டங்களில் வேறு பேச்சே இல்லை. யார் பெயர் இந்தக் கணக்கில், யார் பெயர் அந்தக் கணக்கில் என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில்கூட அதுதான். ஒரு தடவை கப்பல் ஏறினால் திரும்பி வர முடியாது என்கிறார்கள். அதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசியில் உங்களை ஏற்றி அனுப்பியவள் நான்.

இனி லொட்ஜ் விஷயம். உங்கள் விசா முடிந்ததோடு லைசென்ஸும் முடிந்தது என்பதால் மார்கழியிலேயே கதவைச் சாத்தியாகிவிட்டது, அது உங்களுக்குத் தெரியும். இந்த மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டுமாம். கீழே இரும்புக்கடை வரப்போகிறது. கட்டிடக்காரர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "நாப்பது வருஷம் இருந்தீங்க, ஒரு சுவத்துல ஆணி அடிச்சதில்ல" என்றார். பாவம், நாலாம் நம்பர் அறையை அவர் பார்த்ததில்லை. போர்டைப் போன வாரம் கழற்றினார்கள். கழற்றிய இடத்தில் சுவர் புதுசாக இருக்கிறது. நான் இப்போது பின்பக்கம் சமையற்கட்டில் மட்டும்தான் புழங்குகிறேன். மேலே எட்டு அறையும் கூட்டித் துடைத்துவிட்டு ஜன்னல்களைச் சாத்திவிட்டேன், நாலாம் நம்பர் ஜன்னலைத் தவிர. அது உங்கள் அப்பா காலத்திலும் சாத்த வரவில்லை, உங்கள் காலத்திலும் சாத்த வரவில்லை. இரும்புக்கடைக்காரன் வந்து சாத்துகிறானா என்று பார்ப்போம்.

"ஸ்ரீ வேலவன் லொட்ஜ்" என்று அவ்வளவு பெரிய போர்டு எழுதி வைத்தோம். அந்தப் பெயரைச் சொல்லி ஒருத்தர் வந்து நான் கேட்டதில்லை. வெந்நீர் வீடு எது என்றுதான் கேட்டு வருவார்கள். சிவனொளிபாத மலை ஏறி இறங்கி, பஸ்ஸில் இடிபட்டு வந்து, காலை மடக்க முடியாமல் நம் படியைப் பக்கவாட்டில் இறங்குவார்கள், நண்டு மாதிரி. பின்கட்டு வாங்கில் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு வாளியில் காலை வைத்துக்கொள்வார்கள். உப்புப் போட்ட வெந்நீர். டர்பன்டைன் விறகுப் புகையில் என் கண் போனது போனதுதான். ஆனால் அந்த முதல் வாளியில் கால் வைத்ததும் ஒரு சத்தம் வரும் பாருங்கள், அம்மா என்று ஒருத்தர், அம்மே என்று ஒருத்தர், சாது சாது என்று இன்னொருத்தர். நீங்கள் மேசையில் இருந்தபடியே, "நாகலெட்சுமி, இன்னும் ரெண்டு வாளி" என்று கத்துவீர்கள். அண்டாவில் இருப்பதே இரண்டு வாளிதான் என்று நான் கத்துவேன். நாலரை மாதம், மார்கழி தொடங்கி வைகாசி வெசாக் வரைக்கும் இதே பாட்டு. சனியன் எப்போது முடியும் என்று இருக்கும். முடிந்த மறுநாள் வாங்கைப் பார்த்தால் சோறு இறங்காது.

மலை சீசன் இல்லாத மாதங்களில் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறப் போகிற தோட்டத்து ஆட்கள் வந்து கீழ்க் கூடத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பார்கள். அறை எடுக்க மாட்டார்கள், நீங்களும் எழும்பச் சொல்ல மாட்டீர்கள். பொகவந்தலாவை ராக்காயியை நினைத்துக்கொண்டேன். ஈரச்சாக்கில் ஒரு தேயிலைக் கன்றைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாளே. "அங்க வெயில்ல இது கருகிரும்மா" என்று நீங்கள் சொன்னதற்கு, "கருகுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பேன்ல" என்றாள். நாம் இருவரும் அவள் போன பிறகு சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

மாத்தறை போடி நோனா மாசி மாதம் வந்தாள். வருஷம் தவறாமல் ஏழாம் நம்பர் அறைக்கு வருகிறவள், பதினேழு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து சாத்திய கதவின் முன்னால் நிற்கிறாள். லைசென்ஸ் இல்லாமல் அறை கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். வெந்நீர் கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. பின்கதவைத் திறந்து அண்டாவை ஏற்றினேன். "நங்கி, பொன்னையா மஹத்தயா எங்கே" என்று சிங்களத்தில் கேட்டாள். அவள் என்னைத் தங்கை என்று கூப்பிடுகிறவள், அவளிடம் மறைக்க என்ன இருக்கிறது. இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றேன். எப்போது வருவார் என்றாள். வர மாட்டார், அங்கே அவருக்கு ஊர் இருக்கிறது என்றேன். அவள் வாளிக்குள் இருந்த காலை எடுத்துவிட்டு, "அவருடைய ஊர் இதுதானே" என்றாள். நான் அவள் வாளியில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினேன். உங்களுக்கு என்று அவள் கையால் கிண்டிய தொதல் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள். தபாலில் அனுப்பக் கட்டி வைத்தேன், எறும்பு வந்துவிட்டது. எறும்பு தின்றதுபோக மீதியை நான் தின்றுவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

அங்கே வெந்நீரே வேண்டியதில்லை, கிணற்றுத் தண்ணீரே சூடாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வீதியில் எல்லோரும் உங்களைக் கண்டிக்காரர் என்று கூப்பிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்த இரண்டு வரியையும் பல தடவை படித்துவிட்டேன். இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியவில்லை. மை தீர்ந்துவிட்டது.

23.4.1965, வெள்ளிக்கிழமை

மை தீரவில்லை. எனக்குத்தான் தைரியம் வரவில்லை. இன்றைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

தையற்கடை முத்துலிங்கம் அண்ணனைப் பற்றி எழுத வேண்டும். அந்தப் பெயரைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைப்பீர்கள் என்று தெரியும். மடிக்காதீர்கள். ஐப்பசியில் நீங்கள் ரயில் ஏறிய அன்று அவர் பிளாட்பாரத்தின் கடைசியில் பார்சல் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றார். தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார், சட்டையில் ஊசியும் நூலும் தொங்கியது. நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு ஜன்னல் பலகையை இறக்கினீர்கள். நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

இந்த மூன்று மாதமாக எனக்குக் கைகொடுத்தவர் அவர்தான். நான் கூப்பிடவில்லை. கம்பளிகளையும் தலையணைகளையும் கட்டத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தேன், சாக்கும் கோணி ஊசியும் எடுத்துக்கொண்டு அவராக வந்து படியில் உட்கார்ந்தார். உள்ளே வாங்க அண்ணே என்றதற்கு, "அவன் வரச் சொல்லலியே" என்றார். படியில் இருந்தே எல்லா மூட்டையையும் தைத்தார். எட்டு அறைக்கும் தலையணை உறை தைத்தவர் அவர், கடையில் மிஞ்சிய துணியில் ஒன்று பச்சை, ஒன்று பூப்போட்டது, ஒன்று கோடு போட்டது என்று. அந்த உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். சாயங்காலமானால் நீங்கள் இருவரும் டாம் பலகையை வைத்துக்கொண்டு காய்க்காகச் சண்டை போடுவீர்களே, அந்தப் பலகையைத் தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்போது சித்திரை முதல் தேதியைப் பற்றிச் சொல்கிறேன். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறு சித்திரை. உங்கள் அப்பா லொட்ஜை உங்கள் பொறுப்பில் விட்ட வருஷம். தங்க வருகிறவர்களை எழுதும் புதுப் பதிவுப் புத்தகத்துக்கு மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டு வைத்திருந்தார். முதல் பெயர் வீட்டுக்காரன் பெயராக இருந்தால் அந்த வருஷம் அறை காலியாகக் கிடக்காது, அது அவர் பிடித்த பிடி. உங்கள் கையெழுத்துக் கோழி கிளறியது மாதிரி இருக்கும். "மருமக எழுதட்டும், அவ கணக்கப்பிள்ளை மக, அச்சு மாதிரி எழுதுவா" என்றார். பூண்டுலோயாவில் இருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது, உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எல்லோர் முன்னாலும் எழுதச் சொல்கிறார். நீங்கள் பக்கத்தில் நின்று வேண்டுமென்றே செருமினீர்கள். பெயரை எழுதினேன். அடுத்த கட்டத்தில் ஊர் என்று இருந்தது. என்ன மாமா எழுதட்டும் என்று கேட்டேன். "துறையூர்னு எழுதும்மா. அட்டன்ல இருக்கவன் அட்டன் லொட்ஜ்லயா வந்து தங்குவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். வந்த தேதி சித்திரை ஒன்று. போகும் தேதி என்ற இடத்தை மட்டும் அப்படியே விடச் சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனை சித்திரை வந்தது. ஒவ்வொரு வருஷமும் நான்தான் எழுதினேன், நீங்களும் ஒவ்வொரு வருஷமும் பக்கத்தில் நின்று செருமினீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை உங்கள் பெயரை எழுதுகிற சந்தோஷம் எனக்கு இருந்தது. இதை உங்களிடம் சொன்னதில்லை. ஊரைப் பற்றி யார் யோசித்தார்கள். நீங்கள் துறையூரைப் பார்த்ததே மொட்டை போட்ட ஐந்து வயதில் ஒரு வாரம். ஆனாலும் யாராவது ஊர் எது என்று கேட்டால் நாம் எல்லோருமே அப்படித்தானே சொல்வோம். முசிறி என்போம், நாமக்கல் என்போம். அட்டன் என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. அட்டனில் இருக்கிறோம், ஊர் வேறு, அவ்வளவுதான்.

1955இல் பிரஜாவுரிமை விசாரணைக்கு ஆள் வந்தபோது நீங்கள் நம் மனுவை எழுதிய பிரக்டர் வக்கீலைப் பார்க்கக் கண்டிக்குப் போயிருந்தீர்கள். மறுநாள் வருவதாகச் சொன்னவர்கள் முந்தின நாளே வந்துவிட்டார்கள். ஒரு துரை மாதிரி ஐயா, கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். எதிர்த் தையற்கடையில் வழி கேட்டுவிட்டு இங்கே ஏறி வந்தார்கள். கோப்பி கொடுத்தேன். 46க்கு முன்னால் ஏழு வருஷம் விடாமல் இங்கேயே இருந்ததற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது என்று கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை. நான்தான், இந்தப் பாழாய்ப்போன நான்தான், பரணில் இருந்த பதிவுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். 39இலிருந்து 46 வரைக்கும் எட்டுப் புத்தகம். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து முந்தானையால் தூசி தட்டி, "பாருங்க ஐயா, ஒரு வருஷம் விடாம இங்கனதான் இருந்திருக்கோம்" என்று நீட்டினேன். எனக்கு அவ்வளவு பெருமை. நீங்கள் வந்ததும் நான் முடித்துவிட்டேன் என்று சொல்லலாம் என்று நினைத்தேன்.

மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் வரியை வாசித்தார். உங்கள் பெயர், ஊர் துறையூர், வந்த தேதி சித்திரை ஒன்று. அடுத்த புத்தகம், அதே. எட்டிலும் அதே. இவர் ஒவ்வொரு சித்திரைக்கும் இந்தியாவிலிருந்து வந்து தங்குகிறாரா என்று ஐயா கேட்டார். நான் சிரித்தேன். இல்லீங்க, அது ஒரு ராசி என்று சொன்னேன். ராசி என்பதை அந்த மனிதர் எப்படி இங்கிலீசில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஐயா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். புத்தகங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நீங்கள் திரும்பி வந்து புத்தகம் எங்கே என்று கேட்டீர்கள். நான் பயந்துபோனேன். அவங்களே கேட்டாங்க என்றேன். அப்படி ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "எதிர்க்கடையில பேசிட்டுத்தான் வந்தாங்க" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று மாதம் கழித்து, நம்மோடு எழுதிப் போட்ட முத்துலிங்கம் அண்ணனுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது, நமக்கு இல்லை என்று கடிதம் வந்தது. நிரந்தரமாகக் குடியிருந்தவர் அல்ல, பதிவுப் புத்தகத்தின்படி ஊர் துறையூர் என்று பிரக்டர் வாசித்தார். நீங்கள் நேரே வீதியைத் தாண்டிப் போனீர்கள். அத்தனை பேர் முன்னாலும், நீ உன் பேரை வாங்க என் பேரை வித்துட்டே என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். அவர் பதிலே சொல்லவில்லை. பதில் இல்லாததால் உங்களுக்கு அது உண்மையாகிவிட்டது.

அப்புறம்தான் 57இல் வியாபாரத்துக்காக இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தீர்கள், விசாவில் காலம் தள்ளினீர்கள். என்னையும் சேர்க்கக் கேட்டபோது நான் மாட்டேன் என்று அடம் பிடித்தேன். ரத்னா படிப்பு என்று சாக்குச் சொன்னேன். ஒரு தடவை நான் எழுதிய ஊர் நம்மைப் படுத்திய பாடு போதும், இன்னொரு தடவை என் கையால் அதை எழுத எனக்குத் துணிவில்லை. அதுதான் காரணம். இப்போதும் கண்டிக்குப் போகாததற்குப் பாதிக் காரணம் அதுதான். அந்தப் பத்திரத்திலும் ஊர் எது என்று கேட்பார்கள்.

சொல்லிவிட்டேன். முத்துலிங்கம் அண்ணன் எதுவும் சொல்லவில்லை. புத்தகத்தைக் கொடுத்தது நான். பழியை வீதிக்கு அந்தப் பக்கம் தள்ளியதும் நான்.

24.4.1965, சனிக்கிழமை

உங்களுக்கு எழுதினால் மட்டும் போதாது என்று தோன்றியது. காலையில் எதிர்க்கடைக்குப் போனேன். பத்து வருஷத்தில் நான் அந்தப் படி ஏறியது இதுதான் முதல் தடவை. அவர் மிஷினில் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன், முடியவில்லை.

அவர் மிஷினை நிறுத்தவில்லை. கைப்பக்கம் ஒரு தையலை முடித்துவிட்டு நூலை வெட்டினார். "தெரியும் தங்கச்சி. நீ முந்தானையால தூசி தட்டுனத இங்க இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். அப்புறம் ஏன் சொல்லவில்லை அண்ணே என்று கேட்டேன். "சொன்னா அவன் ஒன்ன வெளிய போட்டிருப்பான். என்னய வெளிய போட்டா என்ன, ரோட்டுக்கு அந்தப் பக்கந்தான" என்றார். சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டார். அந்த டாம் பலகை அவர் மிஷினுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது. காய்களை அடுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.

நீங்கள் என்னை அடித்திருப்பீர்களோ, வெளியே போட்டிருப்பீர்களோ எனக்குத் தெரியாது. ஒரு நாள் கத்திவிட்டு மறுநாள் வெந்நீர் கேட்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சந்தேகத்தில் ஒரு மனிதர் பத்து வருஷம் படியில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தச் சித்திரை முதல் தேதி லொட்ஜ் சாத்தித்தான் கிடந்தது. புதுப் புத்தகம் வாங்கவில்லை. போன வருஷப் புத்தகத்தில் பக்கங்கள் மிச்சம் இருந்தன. குளித்துவிட்டுப் பிள்ளையார் சுழி போட்டு உட்கார்ந்தேன், பழக்கம் விடவில்லை. உங்கள் பெயரை எழுதக் கை போனது. நீங்கள்தான் இங்கே இல்லையே. என் பெயரை எழுதினேன். ஊர் என்ற இடத்தில் அட்டன் என்று எழுதினேன். வந்த தேதிக்கு நம் கல்யாணத் தேதியைப் போட்டேன். போகும் தேதி இன்னும் காலியாக இருக்கிறது. உங்கள் பதில் வந்த பிறகுதான் அதில் எதையாவது எழுதுவேன், அல்லது எழுதாமல் விடுவேன். சாவியைக் கொடுத்த பிறகு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ரத்னா வீட்டில் இருப்பேன். அந்த விலாசத்துக்கு எழுதுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையெழுத்து எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, முதல் கடிதத்தை முத்துலிங்கம் அண்ணனுக்கு எழுதுங்கள். தையற்கடை, ஸ்டேஷன் வீதி என்று போட்டால் போதும், தபால்காரருக்குத் தெரியும். இரண்டாவது கடிதம் எனக்கு. வா என்று எழுதினால் ஆடியில் பேரப்பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்டிக்குப் போகிறேன், அந்தக் கட்டத்தில் எந்த ஊரை எழுதச் சொல்கிறீர்களோ எழுதுகிறேன். வராதே என்று எழுதினாலும் எனக்குக் கோபமில்லை. எனக்கு எதுவுமே எழுதாவிட்டாலும் அவருக்கு மட்டும் எழுதிவிடுங்கள்.

நெஞ்சுச் சளியோடு அந்தக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டாம். எவ்வளவு சூடாக இருந்தாலும் ஒரு கொதி காய்ச்சிக்கொள்ளுங்கள். காய்ச்சிக் கொடுக்க அங்கே ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

முருகன் உங்கள் உடம்பைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
நாகலெட்சுமி
வெந்நீர் வீடு, அட்டன்